அம்மா சாமியோடு பேச்சை நிறுத்திவிட்டாள்: இது நாத்திகமா, சண்டையா?

தெற்குவீதி

இதை ஆன்மிகப் பகுதியில் போடுவதா குடும்பப் பகுதியில் போடுவதா என்று தெரியாமல் இங்கே போடுகிறேன். இடம் மாற்ற வேண்டுமென்றால் மட்டுறுத்துநர் மாற்றிக்கொள்ளட்டும்.

என் தம்பி போன ஐப்பசியில் சாலை விபத்தில் இறந்துவிட்டான். அவன் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தபோது அம்மா வேண்டாத தெய்வம் இல்லை. மஞ்சள் துணியில் காசு முடிந்தாள், பழனிக்கு மொட்டை என்றாள், பக்கத்துப் படுக்கைக்காரர்கள் சொன்னார்கள் என்று வேளாங்கண்ணிக்கும் மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், பூஜை அலமாரியில் இருந்த படங்களை எல்லாம் எடுத்து அப்பாவின் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டாள். உடைக்கவில்லை, ஆற்றில் விடவில்லை. வெள்ளிக்கிழமை வந்தால் காலி அலமாரியை ஈரத்துணியால் துடைக்கிறாள். காமாட்சி விளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைக்கிறாள். ஏற்றுவது மட்டும் இல்லை.

பெரியம்மா வந்து "தெய்வக் குத்தம் ஆயிடும்டி, பொண்ணு ஒண்ணு கல்யாணத்துக்கு நிக்குது" என்று அழுது பார்த்தார். அம்மா சொன்ன பதில்: "அவனுக்கும் எனக்கும் பேச்சு இல்ல, விடுக்கா." அவன் என்றது முருகனை.

என் கேள்வி இதுதான். அம்மாவுக்கு நம்பிக்கை போய்விட்டதா, இல்லை வேறு ஏதாவதா? உறவுக்காரர்கள் சொல்கிற மாதிரி நான் வற்புறுத்தி விளக்கேற்ற வைக்க வேண்டுமா? எனக்கே பாதி நம்பிக்கைதான். அதனால் எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியவில்லை.

கருப்பட்டி

வற்புறுத்தாதேம்மா. முதலில் சாப்பிடுகிறார்களா, தூங்குகிறார்களா, அதைப் பார். சாமி காத்திருப்பார், அவருக்கு வேறு வேலை இல்லை.

பூண்டி_பக்கம்

தங்கச்சி, உங்கள் அம்மா செய்வது புதிதல்ல, சைவத்தில் இதற்கு ஒரு நாயனாரே இருக்கிறார்.

சுந்தரர் கதை எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம், ஆனால் பாதிதான் தெரியும். திருவாரூரில் பரவையாரைக் கட்டியவர், திருவொற்றியூரில் சங்கிலியாரைக் கட்ட ஆசைப்படுகிறார். உன்னைப் பிரிய மாட்டேன் என்று கோயிலில் சத்தியம் செய்ய வேண்டும். ஆள் தந்திரமாகச் சிவனிடமே போய், "நான் சத்தியம் செய்கிற நேரத்தில் நீர் சந்நிதியை விட்டு மகிழ மரத்தடியில் போய் இரும்" என்கிறார். சிவனும் தலையாட்டிவிட்டு, சங்கிலியாரிடம் போய் மகிழ மரத்தடியிலேயே சத்தியம் வாங்கச் சொல்லிவிடுகிறார். பிறகு சத்தியத்தை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டுகிறார் சுந்தரர், இரண்டு கண்ணும் போகிறது.

அப்புறம் அவர் பாடியதைப் படித்துப் பாருங்கள். மன்னிப்புக் கேட்கிற குரலும் உண்டு, சட்டையைப் பிடிக்கிற குரலும் உண்டு. மூன்று கண் வைத்திருக்கிற நீ அடியேன் கண்ணைப் பிடுங்கிக்கொள்வதுதான் உன் கணக்கு வழக்கு என்றால் ஒரு ஊன்றுகோலாவது கொடு என்கிறார். திருவெண்பாக்கத்தில் வந்து நின்று "கோயிலில் இருக்கிறீரா?" என்று கேட்கிறார். உள்ளேயிருந்து பதில் வருகிறது: "உளோம் போகீர்." இருக்கிறோம், நீ போ. அவ்வளவுதான். கண் கேட்டவனுக்குக் கிடைத்தது ஒரு கோல்.

அந்தத் திருவெண்பாக்கம் எங்கள் பக்கம்தான். பூண்டி நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய கோயில் தண்ணீருக்குள் போய்விட்டது, இடம் மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். அங்கே நந்திக்கு ஒரு கொம்பு உடைந்திருக்கும். கோபத்தில் சுந்தரர் கோலை வீசி எறிந்தார், அது நந்தி மேல் பட்டது என்பார்கள். வருகிறவர்கள் எல்லோரும் அந்த உடைந்த கொம்பைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள். கோபத்தின் தழும்பைச் சந்நிதிக்கு நேரே வைத்துக் கும்பிடுகிற சமயம் இது.

பிறகு காஞ்சியில் ஒரு கண் கிடைக்கிறது. இன்னொன்றுக்குத் திருவாரூர் வந்து பாடுகிறார், "மீளா அடிமை உமக்கே ஆளாய்" என்று தொடங்குகிற பதிகம். உம்மைத் தவிர யாரையும் வேண்டாத அடியார், மூளாத் தீ போல உள்ளே கனன்று, முகம் வாடி, வந்து துன்பத்தைச் சொன்னால் சும்மா இருக்கிறீரே, நீரே நன்றாக வாழ்ந்து போம் என்கிறார். நம் வீட்டுப் பெண்கள் "நல்லா இரு சாமி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்களே, அதே தொனி. அதைத் தேவாரத்தில் சேர்த்து, பண் போட்டு, இன்றைக்கும் ஓதுவார்கள் பாடுகிறார்கள்.

பேச்சு இல்லை என்று சொல்ல எதிரில் ஓர் ஆள் வேண்டும். உங்கள் அம்மா முருகனை விட்டுப் போகவில்லை. விளக்கைத் தேய்க்கிறார்களே, அது ஒன்று போதும்.

ஈரோட்டுச்சாலை

பூண்டி ஐயா அழகாகச் சொன்னார். ஆனால் கணக்கு இடிக்கிறது.

சுந்தரர் சத்தியத்தை மீறினார், கண் போனது, பாடினார், கண் திரும்பியது. இங்கே அந்தப் பையன் என்ன சத்தியத்தை மீறினான்? எந்தப் பதிகம் பாடினால் திரும்பி வருவான்? தவறு, தண்டனை, சமாதானம் என்று எல்லாம் கூடி வருகிற கதையை, எதுவும் கூடி வராத ஒரு வீட்டில் போய்ச் சொல்வது சரியா?

கிரேக்கத் தத்துவவாதி எபிகூரஸ் பெயரில் ஒரு கேள்வி இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் நிற்கிறது. டேவிட் ஹியூம் என்ற ஸ்காட்லாந்துத் தத்துவவாதி 18ஆம் நூற்றாண்டில் அதை மறுபடி எடுத்து வைத்தார். தீமையைத் தடுக்கக் கடவுளுக்கு விருப்பம் இருக்கிறது, முடியவில்லையா? அப்படியானால் வல்லமை இல்லை. முடியும், விருப்பம் இல்லையா? அப்படியானால் கருணை இல்லை. இரண்டும் உண்டு என்றால் அந்த வளைவில் லாரி எப்படி வந்தது? இதற்கு "உளோம் போகீர்" ஒரு பதில் இல்லை. பதில் சொல்ல ஆள் இல்லாத வீட்டில் நம் குரலே சுவரில் பட்டுத் திரும்புகிறது, அவ்வளவுதான்.

தெற்குவீதி, உங்கள் அம்மா வாசல் வரை வந்துவிட்டார். பின்னாலிருந்து இழுக்காதீர்கள். இன்னொன்று, கோபத்துக்குச் சரியான முகவரி பரணில் இல்லை. விபத்து நடந்த இடத்தில் விளக்கு இருந்ததா, எச்சரிக்கைப் பலகை இருந்ததா, அந்த ஓட்டுநரை எத்தனை மணி நேரம் தூங்கவிடாமல் ஓட்டச் சொன்னார்கள், அங்கே இருக்கிறது.

திருநீற்றுப்பை

இதெல்லாம் பூர்வ ஜென்ம கர்மா. அகால மரணம் நடந்த வீட்டில் விளக்கேற்றாமல் இருந்தால் ஆத்மா சாந்தி அடையாது. இராமேஸ்வரத்தில் திலஹோமம் செய்யுங்கள். நல்ல ஜோதிடராகப் பார்த்து அம்மாவின் ஜாதகத்தையும்

(இந்தப் பதிவின் மீதிப் பகுதி நீக்கப்பட்டது. தொலைபேசி எண், கட்டண விவரம் போட அனுமதி இல்லை. மட்டுறுத்துநர்)

கருப்பட்டி

வந்துட்டாங்கய்யா.

கடலோரம்

நான் நாகைப் பக்கம். 2004 டிசம்பர் 26 அன்று பள்ளிக்கூடப் பையன். அது கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெருவில் போனவர்கள் கணக்கை இங்கே எழுதப்போவதில்லை.

தண்ணீர் வடிந்து சில வாரத்தில் வேறொரு அலை வந்தது, விளக்கம் சொல்கிறவர்கள் அலை. மீனவர் பாவம் என்றார்கள், கடலுக்குச் செய்ய வேண்டிய பூசையை விட்டதுதான் காரணம் என்றார்கள், கடைசிக் காலம் என்றார்கள். ஒவ்வொரு மதத்திலிருந்தும் ஆள் வந்தது, அரிசி கொடுத்தார்கள், அதோடு விளக்கமும் கொடுத்தார்கள். வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குள் தண்ணீர் வரவில்லை, அதிசயம் என்று ஊரெல்லாம் பேச்சு. கோயில் தப்பியது உண்மை. அதே காலையில் அந்தக் கடற்கரையில் நின்றிருந்த யாத்திரிகர்கள் எத்தனை பேர்? வேண்டுதலை முடித்துவிட்டுக் குழந்தையோடு அலையில் கால் நனைக்க வந்தவர்கள். கட்டடத்தைக் காப்பாற்றிவிட்டு கும்பிட வந்தவர்களை விட்டுவிட்டாள் என்று சொல்வதா? எங்கள் பாட்டி மாதாவுக்கும் மாரியம்மனுக்கும் சேர்த்து நேர்ந்துகொள்கிறவள். அவள் அந்த அதிசயப் பேச்சை மட்டும் தாங்கமாட்டாள், எழுந்து உள்ளே போய்விடுவாள்.

பிறகு பெரியவனான பின்தான் படித்தேன். சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் நிலத்தட்டு நழுவியது, அலை இங்கே வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. இரண்டு மணி நேரம்! அப்போது இந்தியப் பெருங்கடலில் எச்சரிக்கை அமைப்பு இல்லை. அதற்கப்புறம் வைத்தார்கள். இந்தச் செய்தி எனக்கு ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது, எங்கள் பாவம் இல்லை என்று. ஒரு விதத்தில் அதைவிட எரிச்சலாக இருந்தது.

கடலைத் தாய் என்று சொல்கிற ஊர் இது. எங்கள் அப்பா மாதக்கணக்கில் கடல் பக்கம் திரும்பவில்லை. வலை காய்ந்து கிடந்தது. அப்புறம் ஒருநாள் போனார். மன்னித்துவிட்டாரா என்று யாரும் கேட்கவில்லை, சாப்பிட வேண்டுமே. ஆனால் முன்பு படகைத் தள்ளும்போது நெற்றியில் கை வைத்துக் கும்பிடுவார், அதை இப்போதும் செய்வதில்லை. மாசி மகத்துக்குச் சாமி கடலாட வரும்போது மட்டும் கூட்டத்தோடு நிற்பார். நம்புகிறாரா இல்லையா என்று என்னைக் கேட்டால் எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியாது. அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

நெல்லைத்தூரல்

கடலோரம் சொன்ன "விளக்க அலை"க்கு எங்கள் ஊரில் ஒரு பெரிய முன்னுதாரணம் உண்டு. சொன்னவர் யார் தெரியுமா, காந்தி.

1934 ஜனவரி 15 பீகாரில் பெரிய நிலநடுக்கம், ஆயிரக்கணக்கில் சாவு. காந்தி அப்போது தீண்டாமை ஒழிப்புக்காகத் தமிழ்நாட்டில் சுற்றுப்பயணத்தில் இருக்கிறார். 24ஆம் தேதி திருநெல்வேலியில் பேசும்போது, பீகார் அழிவுக்கும் தீண்டாமைக்கும் தொடர்பு இருப்பதாக நான் நம்புகிறேன், இது நம் பாவத்துக்குக் கடவுள் அனுப்பிய தண்டனை என்கிற பொருளில் பேசிவிட்டார்.

தாகூர் இதைக் கேட்டு வேதனைப்பட்டு எழுதினார். இயற்கை நிகழ்வுக்கு இயற்கைக் காரணம்தான் உண்டு, நம் பாவம் எவ்வளவு பெரிதானாலும் பூமியைப் பிளக்கிற அளவுக்கு அதற்கு வலு இல்லை என்றார். அதைவிடக் கூர்மையாக இன்னொன்றும் சொன்னார்: இந்த மாதிரி வாதம் உங்களைவிட உங்கள் எதிரிகளுக்குத்தான் பொருத்தம், அவர்கள் உங்களால்தான் பூமி நடுங்கியது என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? காந்தி அந்தக் கடிதத்தைத் தன் ஹரிஜன் இதழிலேயே போட்டு, தன் நம்பிக்கையிலிருந்து இறங்கி வராமல் பதிலும் எழுதினார்.

நான் காந்தி மேல் மரியாதை உள்ளவன். தீண்டாமை மகா பாவம் என்பதிலும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த நிலநடுக்கத்தில் ஒடுக்கப்பட்டவன் குடிசையும்தானே விழுந்தது? நல்ல நோக்கத்துக்குச் சொன்னாலும் இந்த வகை விளக்கம் செத்தவன் தலையில்தான் வந்து விழுகிறது. நம்பிக்கை உள்ளவர்கள் கடவுளுக்காக வக்கீல் வேலை பார்ப்பதைக் கொஞ்ச காலம் நிறுத்தினால் நல்லது.

ஞாயிறுமணி

நெல்லை அண்ணாச்சி சொன்ன வக்கீல் வேலையைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எங்கள் வேதத்தில் இருக்கிறது. யோபு.

ஏழு மகன், மூன்று மகள், ஏழாயிரம் ஆடு, மூவாயிரம் ஒட்டகம். எல்லாம் ஒரே நாளில் போகிறது. பிறகு உடம்பெல்லாம் புண். சாம்பலில் உட்கார்ந்து ஓட்டால் சுரண்டிக்கொண்டிருக்கிறான். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் கூடவே தரையில் உட்காருகிறார்கள். அந்த ஏழு நாள்தான் அவர்கள் செய்த ஒரே நல்ல காரியம். பிறகு யோபு வாயைத் திறந்து, நான் பிறந்த நாள் அழியட்டும் என்கிறான். உடனே இவர்களும் ஆரம்பிக்கிறார்கள். நீ ஏதாவது தப்பு செய்திருப்பாய், கடவுள் அநியாயம் செய்வாரா, உன் பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், இப்படி. யோபு விடவில்லை. நான் பிறந்த நாள் அழியட்டும் என்கிறான். நான் என்ன செய்தேன் சொல்லும், உம்மோடு வழக்காட வேண்டும் என்கிறான். அத்தியாயம் அத்தியாயமாக.

ஞாயிறு பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது பொறுமைக்கார யோபுவை மட்டும். கடைசி அத்தியாயத்தில் வருவதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. கர்த்தர் எலிப்பாஸைக் கூப்பிட்டு, உன் மேலும் உன் இரண்டு நண்பர்கள் மேலும் எனக்குக் கோபம், என் தாசன் யோபு பேசினதுபோல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். யோசித்துப் பாருங்கள். கடவுளை ஆதரித்துப் பேசினவர்கள் மேல் கோபம். கத்தினவன் பேசினது சரி.

தெற்குவீதி சகோதரி, உங்கள் பெரியம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள். முதல் ஏழு நாள் மாதிரி வந்து உட்காரச் சொல்லுங்கள்.

ஈரோட்டுச்சாலை

ஞாயிறுமணி, நல்ல பதிவு. ஒன்று விட்டுவிட்டீர்கள். கடைசியில் யோபுவுக்கு மறுபடி ஏழு மகன், மூன்று மகள் பிறக்கிறார்கள், சரியாகிவிட்டது என்று கதை முடிகிறது. முதலில் இறந்த பத்துப் பேர்? பிள்ளைக்குப் பதில் பிள்ளை என்று எந்தத் தாயிடமாவது சொல்லிப் பாருங்கள்.

அதோடு, கடவுள் புயலிலிருந்து பேசுகிறாரே, நான் பூமிக்கு அஸ்திவாரம் போட்டபோது நீ எங்கே இருந்தாய் என்று. அது யோபுவின் கேள்விக்குப் பதிலா? அதிகாரி முன்னால் மனுவோடு நிற்கிறவனிடம், நான் யார் தெரியுமா என்று கேட்பதல்லவா அது?

ஞாயிறுமணி

அந்தப் பத்துப் பிள்ளைகள் விஷயம் எனக்கும் நெருடல்தான் தோழர். அதைச் சமாதானம் சொல்லி மூட எனக்கு மனமில்லை. எங்கள் போதகர் ஒருமுறை சமாதானம் சொன்னார், கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. ஆனால் யோபு கேட்டது காரணம் மட்டும் இல்லை, என் எதிரில் வா என்றுதான் கேட்டான். வந்தார். எனக்கு அங்கே ஏதோ இருக்கிறது. உங்களுக்கு இல்லாமல் போகலாம்.

நாகூர்ப்புறா

இரண்டு விஷயம் மட்டும், எங்கள் பக்கத்திலிருந்து.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் சின்னக் குழந்தையாக இறந்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது. நபியின் பிள்ளை போனதால் சூரியனே மறைந்தது என்று மக்கள் பேசத் தொடங்கினார்கள். ஒரு மதத் தலைவருக்கு இதைவிட நல்ல வாய்ப்பு உண்டா? நபியவர்கள் எழுந்து, சூரியனும் சந்திரனும் யாருடைய சாவுக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். மகன் போன துக்கத்தில், கண்ணீரோடு. கடலோரம் அண்ணனுக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

இன்னொன்று யஃகூப் நபி. மகன் யூசுஃபை நினைத்து அழுதழுது கண் வெளுத்துப் போனது. கூட இருந்த மற்ற மகன்களே, இப்படியே அழுது அழிந்து போவீர்களா என்று கண்டித்தார்கள். அவர் சொன்னது, என் துயரத்தை நான் அல்லாஹ்விடம்தானே முறையிடுகிறேன் என்பது. சபூர், பொறுமை என்று நாங்கள் வாய்க்கு வாய் சொல்கிறோம். பொறுமை என்றால் அழக்கூடாது என்று அர்த்தம் இல்லை. ஆனால் பூண்டி ஐயா சொன்ன மாதிரி கோலை வீசுவதெல்லாம் எங்களுக்குப் பழக்கமில்லை, உண்மையைச் சொல்ல வேண்டுமே.

ஏட்டுப்புழு

எல்லோரும் கடவுளிடம் முறையிட்ட கதையாகச் சொல்கிறீர்கள். கடவுளே கையை விரித்த கதை ஒன்று தமிழில் இருக்கிறது. மணிமேகலையில், சக்கரவாளக் கோட்டம் என்கிற சுடுகாட்டைப் பற்றிச் சொல்லும் காதை.

கோதமை என்று ஒரு பார்ப்பனத் தாய், அவளுக்கும் கணவனுக்கும் கண் தெரியாது. ஒரே மகன் சார்ங்கலன். இரவில் வழி தவறிச் சுடுகாட்டுக்குள் போய், பேய் ஆடுவதைக் கண்டு பயந்து ஓடி வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டு உயிரை விடுகிறான். அவள் மகனைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுடுகாட்டு வாயிலில் நின்று காவல் தெய்வம் சம்பாபதியைக் கூப்பிட்டு நியாயம் கேட்கிறாள். என் உயிரை எடுத்துக்கொண்டு அவனைக் கொடு, கண்ணில்லாத என் கணவனை அவன் பார்த்துக்கொள்வான் என்கிறாள். முடியாது, இது வினைப்பயன் என்கிறாள் தெய்வம். உயிருக்கு உயிர் வாங்குவது நடக்கிற காரியம் என்றால் இந்த ஊரில் அரசனுக்காக உயிர் கொடுக்க எத்தனை பேர் வருவார்கள், ஆனால் இங்கே அரசர்களுக்கும் சமாதிக் கோட்டம் கட்டித்தானே வைத்திருக்கிறது என்று கேட்கிறாள். கோதமை நம்பவில்லை. தெய்வங்கள் வரம் தரும் என்று வேதியர் சொல்கிறார்களே, நீ தராவிட்டால் நானும் இங்கேயே சாகிறேன் என்று நிற்கிறாள். சம்பாபதி அண்டத்தில் உள்ள எல்லாத் தெய்வங்களையும் வரவழைத்து நிறுத்துகிறாள். யாராவது தர முடியும் என்றால் நானும் தருகிறேன் என்கிறாள். ஒருவராலும் முடியவில்லை.

மணிமேகலையை எழுதிய சாத்தனார் பௌத்தர், அவர் நோக்கம் வேறு. வினை என்கிற விளக்கம் எனக்கும் உவப்பில்லை, திருநீற்றுப்பை சொன்னதும் ஏறக்குறைய அதுதானே. ஆனால் அத்தனை தெய்வங்களும் ஒரு கண்ணில்லாத தாயின் முன்னால் வரிசையாக வந்து எங்களால் முடியாது என்று நிற்கிற அந்தக் காட்சி இருக்கிறதே! அவள் அதற்குப் பிறகுதான் மகனை ஈமத்தில் ஏற்றுகிறாள். முடியும் ஆனால் செய்யவில்லை என்ற எண்ணம் இருக்கும்வரை அவளால் எரிக்க முடியவில்லை.

முருகனுக்கு அந்தத் தைரியம் வந்தால் தெற்குவீதியின் அம்மா படங்களை இறக்கிவிடுவார் என்று எனக்குப் படுகிறது.

அப்புறம், படைத்தவனைத் திட்டுவது நமக்குப் பெரியார் காலத்தில் வந்தது என்று நினைக்கிறவர்களுக்காக: புறநானூறு 194. ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் கல்யாண முழவு. இப்படிப் படைத்துவிட்டானே அந்தப் பண்பிலாளன் என்கிறார் பக்குடுக்கை நன்கணியார். பிச்சையெடுத்துத்தான் உயிர் வாழ வேண்டும் என்றால் உலகத்தைச் செய்தவன் அலைந்து கெடட்டும் என்று வள்ளுவர் சபிக்கிறார். குறள் 1062. திருக்குறளை மேசையில் வைத்துச் சத்தியம் செய்கிறவர்கள் இதைச் சொல்லிக் கேட்டதில்லை.

பூண்டி_பக்கம்

ஏட்டுப்புழு, அந்தக் கோதமை பகுதியை நான் படித்ததில்லை, இன்றே எடுக்கிறேன்.

ஈரோட்டுத் தம்பிக்கு ஒரு கேள்வி. கடவுள் இல்லை, சரி. பிள்ளை போன வீட்டில் அந்தக் கோபம் எங்காவது போய் இறங்க வேண்டுமே. கணவன் மேல் இறங்கும், இருக்கிற பிள்ளை மேல் இறங்கும், தன் மேலேயே இறங்கும். சாமி மேல் இறங்கினால் யாருக்கும் காயம் இல்லை. உங்கள் பக்கத்தில் அதற்கு என்ன வைத்திருக்கிறீர்கள்?

ஈரோட்டுச்சாலை

நியாயமான கேள்வி.

1933இல் மனைவி நாகம்மையார் இறந்தபோது பெரியார் தன் குடி அரசு இதழில் எழுதியதைப் படித்துப் பாருங்கள். அவர் அழுதார் என்று யாரும் காட்ட முடியாது. ஆனால் அந்த எழுத்தில் மனிதர் தன்னைத்தானே கூண்டில் ஏற்றுகிறார். போனது என் அடிமை என்பேனா, என் ஆதரவு என்பேனா, என் ஊக்கம் என்பேனா என்று ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு போகிறார். பெண் விடுதலை பேசுகிற நான் அவளை எப்படி வைத்திருந்தேன் என்கிற உறுத்தல் அதில் இருக்கிறது. யாரையும் திட்டவில்லை, விதி என்று சொல்லவில்லை, மேலுலகத்தில் பார்ப்போம் என்று சொல்லவில்லை. இருந்தவள் இப்படி இருந்தாள், நான் இப்படி இருந்தேன், இனி இல்லை. எங்கள் பக்கத்தில் இருப்பது இதுதான் ஐயா. சுலபமானது என்று சொல்லமாட்டேன். எங்கள் வீட்டிலும் ஒரு சாவு நடந்தது, அன்றைக்கு எனக்குச் சாமி மேல் பொறாமையாகக்கூட இருந்தது, இருந்திருந்தால் ஒரு கை பார்த்திருக்கலாமே என்று. ஆனால் இல்லாத ஒன்றை வசதிக்காக உண்டாக்கிக்கொள்ள முடியாதே.

தெற்குவீதி

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. கோதமை கதையை அம்மாவிடம் சொன்னேன். "எல்லா சாமியும் வந்து நின்னுச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கீரை ஆய்ந்துகொண்டே இருந்துவிட்டு, "அந்த அளவுக்காவது மரியாதை தெரிஞ்சிருக்கு" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

ஈரோட்டுச்சாலை கேட்டாரே, வளைவில் விளக்கு இல்லைதான். அப்பா அதற்காக மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுத்திருக்கிறார். இந்த முறை அம்மாவும் கூடப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். ரசீது கொடுத்தார்கள், சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பியிருக்கிறோம் என்று குறுஞ்செய்தி வந்தது.

இப்போது வேறு சிக்கல். வருஷத் திதி வருகிறது. வீட்டில் செய்ய வேண்டும், சாமி விளக்கு ஏற்றாமல் முடியாது என்கிறார் ஐயர். தம்பி படத்துக்கு எத்தனை விளக்கு வேண்டுமானாலும் ஏற்றுகிறேன், அவனுக்கு ஏற்றமாட்டேன் என்கிறாள் அம்மா.

பூண்டி_பக்கம்

குறைதீர் நாளிலும் "உளோம் போகீர்"தானா!

திதிக்கு வழி இருக்கிறது. ஐயரை வீட்டுக்கு அழைக்காமல் அப்பா மட்டும் ஆற்றங்கரையிலோ குளக்கரையிலோ எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு வரலாம், நிறையப் பேர் செய்கிறார்கள். வீட்டில் படத்துக்கு முன்னால் ஒரு விளக்கு, அவனுக்குப் பிடித்த சாப்பாடு, காக்கைக்கு ஒரு கவளம். இதில் முருகன் குறுக்கே வரமாட்டார்.

கருப்பட்டி

பெரியம்மாவை முதல் நாளே வரச் சொல்லி வடைக்கு அரைக்கிற வேலையைக் கொடுத்துவிடு. கை வேலையில் இருந்தால் வாய் குறையும்.

தெற்குவீதி

கருப்பட்டி அக்கா, அது நடக்கும் :)

பூண்டி அண்ணா, ஒரு சந்தேகம். கண் கிடைத்த பிறகு சுந்தரரும் சாமியும் பழையபடி ஆகிவிட்டார்களா?

பூண்டி_பக்கம்

பழையபடியா? சுந்தரர் உடனே சிவனுக்கு அடுத்த வேலை வைத்துவிட்டார். பரவையார் கதவைச் சாத்திவிட்டார், ஒற்றியூர் விஷயம் காதுக்கு வந்துவிட்டதே. நீர்தான் போய்ச் சமாதானம் பேச வேண்டும் என்று நடுராத்திரியில் சிவனைத் தூது அனுப்புகிறார். அவர் அர்ச்சகர் வேஷத்தில் திருவாரூர் வீதியில் நடந்து போய்ப் பரவையாரிடம் பேச்சு வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு திரும்புகிறார். இவர் விடுவாரா, மறுபடியும் போம் என்று அதே ராத்திரி திருப்பி அனுப்புகிறார். பெரியபுராணத்தில் சேக்கிழார் இந்த இடத்தை ரசித்து ரசித்து எழுதியிருக்கிறார்.

ஈரோட்டுச்சாலை

பரவையார் கோபம் நியாயம். ஆனால் ஐயா, இவ்வளவு நேரம் பேசுகிறோம், சங்கிலியார் என்ன ஆனார்? சத்தியம் வாங்கச் சொன்னதும் சிவன், சத்தியத்தை மீறினவனுக்குக் கண்ணைத் திருப்பிக் கொடுத்ததும் சிவன். அந்தப் பெண் ஒற்றியூரில் யாரிடம் போய்ச் சண்டை போட்டாள்?

ஏட்டுப்புழு

நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன்.

மட்டுறுத்துநர்

சங்கிலியார் பற்றிப் பேச விரும்புகிறவர்கள் இலக்கியப் பகுதியில் தனி இழை தொடங்கவும். இங்கே தெற்குவீதியின் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள்.